மணி அடிக்கும்வரை திரும்பாதே

இதை நான் கற்பனை செய்யவில்லை. அவ்வளவு கற்பனை எனக்கு இருந்திருந்தால், இன்று ஒரு பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் இன்சூரன்ஸ் அட்டை கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். "நல்லா வரைஞ்சிட்டிருந்த பொண்ணு, ஏன் விட்டுச்சுன்னே தெரியலை" என்று என் அம்மா பதினைந்து வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். அம்மாவிடம் நான் சொன்ன காரணம் பொய். உண்மைக் காரணம் இதுதான். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள், இருட்டுகிற நேரத்தில் ஒரு காலி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் திரும்பாமல் இருந்து பார்க்கலாம்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்கே ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் அங்கே ஓவியமும் கலை வரலாறும் சேர்த்துப் படித்தேன். காலையில் இருட்டறையில் உட்கார்ந்து, செத்துப்போனவர்கள் வரைந்ததைப் பார்ப்போம். மதியத்துக்கு மேல் பெயின்ட் அப்பிய சட்டையோடு நாங்கள் வரைவோம். கடைசி வருடத்தில் ஆளுக்கு ஒரு பெரிய ஓவியம். மே மாதம் கண்காட்சி. மேல்படிப்பு, பரிசு எல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான்.

எனக்கு அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது. அப்பா கூரை போடுகிறவர், அண்ணன் லாரி ஓட்டுகிறவன். "படம் போட்டு என்ன கிழிக்கப்போறே?" என்று கேட்டவர்கள் முன்னால், "இது நான் செஞ்சது" என்று ஒன்றைக் காட்ட வேண்டும். என்னுடையது என்று உலகத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த வெறியில்தான் நான்கு வருடம் ஓடினேன்.

ஹாரியட் எங்கள் ஓவிய ஆசிரியர். அந்தக் கல்லூரியில் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வயது ஐம்பத்தேழு. முப்பது வருடமாக அங்கேயே இருந்தவர். குளிர்காலம் வந்துவிட்டால் தொண்டை கட்டிக்கொண்டு, கரகரவென்று அடிக்குரலில் பேசுவார். யாரையும் சுலபத்தில் பாராட்ட மாட்டார். அப்படிப்பட்டவர், கடைசி வருடம் ஸ்டூடியோவில் இடம் பிரித்தபோது, வடக்கு ஜன்னல் இருக்கிற மூலையை எனக்குக் கொடுத்தார்.

"மகாராணிக்கு ஜன்னல் சீட்டு," என்றாள் அன்னிகா. "எங்களுக்கு பாய்லர் பக்கம்."

அன்னிகா முதல் வருடத்திலிருந்து என் அறைத்தோழி. அவளும் ஓவியம்தான். செலவுக்கு, கல்லூரியின் பழைய ஸ்லைடு அறையில் பகுதி நேர வேலை பார்த்தாள்.

ஹாரியட்டின் வியாழக்கிழமை விமர்சனம் கல்லூரி முழுக்கப் பிரபலம். உன் ஓவியம் சுவரில் மாட்டியிருக்கும். நீ அதற்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. மற்ற ஏழு பேரும் பின்னால் நாற்காலிகளில் இருந்து உன் ஓவியத்தைப் பிய்த்து எடுப்பார்கள். நீ வாய் திறக்கக்கூடாது. திரும்பக்கூடாது. ஹாரியட் தன் மடியில் வைத்திருக்கிற சின்ன மணியை 'டிங்' என்று தட்டும்வரை.

"திரும்பினா உன் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவாங்க," என்பார் ஹாரியட். "படத்தைப் பார்த்துப் பேச மாட்டாங்க."

அன்னிகாவால் அது முடியவே முடியாது. இரண்டாவது நிமிடம் திரும்பி, "எவன்டா அது பச்சையைப் பத்திப் பேசினது?" என்பாள். நான் அப்படியில்லை. முதல் வருடம் ஒருமுறை என் விமர்சனத்தின் நடுவில், பின்னால் யாரோ சூடான காபியைக் கொட்டிக்கொண்டார்கள். கத்தல், கூச்சல். நான் திரும்பவில்லை. அன்று வகுப்பு முடிந்ததும் ஹாரியட் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொன்ன சொல் கேக்குற பொண்ணு," என்றார். அதை நான் ஊருக்கே போன் செய்து சொன்னேன்.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன். நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுச் சமையலறை. மஞ்சள் சுவர், நடுவில் மேஜை, மேஜைமேல் அப்பாவின் சாப்பாட்டு டப்பா. அக்டோபரில் முதல் விமர்சனம். வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, டப்பா பெரிதாக இருக்கிறது. பேச்சு ஓய்ந்தது. அப்போது எனக்கு நேர் பின்னாலிருந்து, ஹாரியட் உட்காருகிற இடத்திலிருந்து, கரகரத்த அடிக்குரல் கேட்டது.

"மேஜை வேண்டாம்."

உடனே மணி அடித்தது.

மேஜையை எடுத்தேன். ஓவியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த முறை, "மஞ்சள் இல்லை. சாம்பல் பச்சை." மாற்றினேன். அடுத்த முறை, "ஜன்னல் இன்னும் மேலே." அதற்கடுத்து, "ஒரு நாற்காலி. சுவரைப் பார்த்தபடி." கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது எங்கள் சமையலறையாகவே இல்லை. யாருடைய அறை என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஹாரியட்டும் வந்தார். தினமும் மாலை நான்கு மணிவாக்கில் வந்து, ஒன்றும் பேசாமல் அதன்முன் நிற்பார். ஒருநாள் அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொரு நாள் பிளாஸ்கில் காட்டரிசி சூப் கொண்டுவந்து, குளிரில் விறைத்த என் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். தன் சொந்தத் தூரிகை ஒன்றைக் கொடுத்தார். "மேல்படிப்புக்கு உனக்கு நானே எழுதறேன்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரியில் குதி என்று அவர் சொல்லியிருந்தால் பனியை உடைத்துக்கொண்டு குதித்திருப்பேன்.

அந்த நாட்களில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன.

என் மூலையில் டர்பன்டைன் வாசனை அடித்தது. மூக்கை அரிக்கிற பழைய வாசனை. எங்கள் கட்டடத்தில் டர்பன்டைனைத் தடைசெய்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லோரும் வாசனையில்லாத திரவத்தில்தான் தூரிகை கழுவினோம்.

பிறகு ஒரு சத்தம். தூரிகையைத் தகர டப்பாவின் விளிம்பில் தட்டுகிற சத்தம். டிக்... டிக்... டிக்... இடங்களைப் பிரிக்கிற மரத்தட்டியின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது.

பிறகு அந்த நாற்காலி. நவம்பரில் போட்ட பெயின்ட். ஒரு வாரத்தில் காய்ந்திருக்க வேண்டும். ஜனவரியில் தொட்டேன், விரலில் ஒட்டியது. மற்ற இடமெல்லாம் கட்டை மாதிரிக் காய்ந்திருந்தது.

"என்ன திமிருடி உனக்கு?" என்றாள் அன்னிகா ஒருநாள். "நேத்து நாலரைக்கு உன் இடத்துல முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தே. மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை."

"நாலரைக்கு நான் லைப்ரரில இருந்தேன்."

"அப்ப உன் சட்டையைப் போட்டுக்கிட்டு இருந்தது யாரு?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை.

ஜனவரி கடைசி விமர்சனத்தில் அந்தக் குரல் சொன்னது, "கதவு. வலது பக்கம். கொஞ்சம் திறந்து."

முதல்முறையாக எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் நான் கதவை வரையவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், அன்னிகா போன் செய்தாள். "உடனே ஸ்லைடு ரூமுக்கு வா. எதுவும் கேக்காதே." மணி 4.35. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

கல்லூரி எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஓவியங்களைப் படமெடுத்து வைத்திருந்த பழைய ஸ்லைடுகளைப் பிரித்துக் குப்பைக்கு அனுப்புவதுதான் அன்னிகாவின் வேலை. ஜன்னலில்லாத அறை. புரொஜெக்டரின் விசிறி ர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். க்ளக்.

சுவரில் என் ஓவியம்.

"இதை எப்ப எடுத்தே?" என்றேன்.

"நான் எடுக்கலை. ஓரத்துல எழுதியிருக்கறதைப் பாரு."

ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் பழைய மையில் எழுதியிருந்தது. ஐரீன் ஸ்ட்ராண்ட், 1979.

அதே சாம்பல் பச்சை. அதே உயரத்தில் ஜன்னல். அதே நாற்காலி. நான் வரையாமல் விட்ட கதவு, வலது பக்கம், கொஞ்சம் திறந்து. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். என் நாற்காலி காலி. இதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சுவரில் விழுந்த நாற்காலியைக் காட்டினேன். "ஹாரியட்தான் நாற்காலியை வைக்கச் சொன்னாங்க."

"எப்ப?"

"விமர்சனத்துல. எல்லாமே விமர்சனத்துலதான் சொன்னாங்க."

அன்னிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் ஒரு வியாழக்கிழமை தவறலை. உன் படத்தைப் பத்தி ஹாரியட் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினது இல்லை. நாற்காலின்னு யாருமே சொல்லலை."

"நீ போனை நோண்டிட்டிருந்திருப்பே."

அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். படம் கலங்கியது. பல்பின் சூட்டில் ஸ்லைடு ஃபிலிம் வளையும், அது எப்போதும் நடப்பதுதான். அன்னிகா லென்ஸைத் திருகித் தெளிவாக்கினாள்.

அந்தப் பெண்ணின் காது தெரிந்தது.

முன்பு தலைமுடி மட்டும்தான் இருந்தது. சூட்டில் ஃபிலிம் வளையலாம். தலை திரும்பாது.

அன்னிகா பிளக்கைப் பிடுங்கினாள்.

அங்கிருந்து நேராக ஹாரியட்டின் அறைக்குப் போனேன். கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை.

"ஐரீன்," என்றார். "நான் வேலைக்கு வந்த முதல் வருஷத்து மாணவி. பாதியிலேயே போயிட்டா, பாவம். ரொம்ப நல்ல கை."

"அப்ப என் படம் அவளோட படமா? நீங்க சொல்லிச் சொல்லி என்னை அதைத்தான் போட வெச்சீங்களா?"

அவர் எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். "நீ பார்த்ததே இல்லாத படத்தை நீ எப்படிம்மா காப்பியடிப்பே? அறைன்னா ஜன்னல் இருக்கும். நாற்காலி இருக்கும். இது உன்னோடது. உன்னோடது மட்டும்தான்."

நான் கேட்க விரும்பியது அதைத்தான். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்தக் கதவை மட்டும் போட்டுடு," என்றார். "என்னை நம்பு."

நம்பினேன். மறுநாளே கதவை வரைந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. பனிப்புயல் வரும் என்று எச்சரிக்கை இருந்தது. அன்று என் விமர்சனம்தான் கடைசி.

அந்த அறையின் விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம்தான் சென்சார் விளக்கு மாட்டியிருந்தார்கள். அறைக்குள் ஏதாவது அசைந்தால் எரியும். பத்து நிமிடம் எதுவும் அசையவில்லை என்றால் அணைந்துவிடும். ஒரு கையைத் தூக்கினால் போதும், மறுபடி எரியும். "லைட்டுக்கே நம்ம படம் போரடிக்குது" என்று அன்னிகா கிண்டல் செய்வாள்.

3.50க்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓவியத்துக்கு மேலே சுவர்க்கடிகாரம். பின்னால் எல்லோரும் பேசினார்கள். கதவு வந்ததும் ஓவியம் முழுமையாகிவிட்டது என்றார்கள். அன்னிகா மட்டும் பேசவில்லை. 4.10க்குப் பேச்சு ஓய்ந்தது.

குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

மணிக்காகக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

ஹாரியட் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் தாங்குகிறாள் பார்ப்போம் என்று. தாங்கினேன். பின்னால் ஒரு இருமல் இல்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. குளிர் ஜாக்கெட்டின் சரசரப்பு இல்லை.

4.20க்கு விளக்கு அணைந்தது.

ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம் மட்டும். யாராவது கையைத் தூக்குவார்கள் என்று பார்த்தேன். தூக்கவில்லை.

அப்புறம் கேட்டது...

"திரும்பவே மாட்டா, பாரேன்."

ஒரு கிளுக்குச் சிரிப்பு.

"ஷ்..."

"எவ்வளவு நேரம்தான் உக்காருவா?"

இன்னொரு குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற பெண்ணின் குரல். "மணியை நான் எடுத்துட்டேன். சத்தம் போடாம வாங்க."

எனக்குக் கண் எரிந்தது. எல்லோரும் சேர்ந்தா? அன்னிகாவுமா? நான்கு வருடம் ஒரே அறையில் தூங்கினோம். நான் சொன்ன சொல் கேட்பது இவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. பயமே இல்லை எனக்கு அப்போது. அவமானம்தான்.

நாற்காலிகள் நகர்ந்தன. பூட்ஸ் சத்தம். ஏழெட்டுப் பேர். ஜாக்கெட் உரச, என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக...

கதவின் கீல் முனகியது.

அப்போதுதான் உறைத்தது.

விளக்கு எரியவில்லை.

ஒரு கையைத் தூக்கினாலே எரிகிற விளக்கு. இத்தனை பேர் எழுந்து நடந்து போனார்கள். எரியவில்லை.

திரும்ப முயன்றேன். கழுத்து திரும்பவில்லை.

என் கையைத் தூக்கினேன்.

ஆட்டினேன்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்...

விளக்கு எரியவில்லை.

குளிர் ஏறியது. மூச்சு புகையாக வந்தது. டர்பன்டைன் வாசனை.

கடிகாரத்தைத் தேடினேன். கடிகாரம் இல்லை.

ஓவியத்தின் விளிம்பைத் தேடினேன். விளிம்பு இல்லை.

எனக்கு எதிரே இருந்தது கேன்வாஸ் அல்ல. சுவர். சாம்பல் பச்சைச் சுவர்.

உயரத்தில் ஒரு ஜன்னல்.

எனக்குக் கீழே இருந்தது ஸ்டூல் அல்ல. முதுகில் சாய்மானம் தட்டுப்பட்டது.

கடைக்கண்ணில்... வலது பக்கம்... ஒரு கதவு. கொஞ்சம் திறந்து.

அந்த இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்.

கோடு மெலிந்துகொண்டே வந்தது.

க்ரீ...ச்...

கணீர்.

எனக்குப் பின்னால், தரையில் சாவிக்கொத்து விழுந்த சத்தம். கழுத்து விட்டது. திரும்பினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூலில்தான் இருந்தேன். வாசலில் அன்னிகா நின்றாள். வகுப்பில் மறந்துவைத்த கையுறையை எடுக்க வந்திருக்கிறாள். மணி 5.40.

அவள் என்னிடம் ஓடி வரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீ எப்படி இங்க இருக்கே?" என்றாள்.

"எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டீங்க. மணிகூட அடிக்காம."

"மணி அடிச்சுது, பிரிட்டா." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எழுந்தே. எங்களோட வெளியே வந்தே. கீழே ஹாரியட் கார்ல ஏறிப் போனே. நான் உனக்குக் கையாட்டினேன்."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"நீ திரும்பவே இல்லை," என்றாள்.

பிறகு அவள் எனக்குப் பின்னால் இருந்த ஓவியத்தைப் பார்த்தாள். என் கண்ணைத் தன் கையால் பொத்தி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் என்ன பார்த்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் ஓவியம் சுவரில் இல்லை.

ஹாரியட் அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவேயில்லை. உடல்நலம் சரியில்லை என்று ராஜினாமா அனுப்பிவிட்டார். நான் ஓவியத்தை விட்டுவிட்டு, கலை வரலாற்றில் மட்டும் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கோடையில் அன்னிகா எங்கெங்கோ விசாரித்து, ஐரீனோடு படித்த ஒருத்தியைப் பிடித்தாள். பெவர்லி என்று பெயர். நானும் அன்னிகாவும் ஒன்றாக உட்கார்ந்து போன் செய்தோம். ஐரீன் என்ற பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அவ போகலைம்மா. செத்துட்டா," என்றார். "1979 பிப்ரவரி. வியாழக்கிழமை. அவ ரொம்பச் சாது. திரும்பாதேன்னா திரும்ப மாட்டா. அதை வெச்சு ஒரு விளையாட்டு. ஆரம்பிச்சதே ஹாரியட்தான். அவங்களுக்கும் எங்களுக்கும் நாலஞ்சு வயசுதான் வித்தியாசம். மணியை எடுத்துக்கிட்டு நைசா வெளியே வந்துட்டோம். காபி குடிச்சிட்டுத் திரும்பிடலாம்னு. அதுக்குள்ள புயல் பிடிச்சுக்கிச்சு. கல்லூரியை மூடிட்டாங்க. ஹீட்டர் நின்னுபோச்சு. அவ எழுந்து ஹாஸ்டலுக்குப் போயிருப்பான்னு ஒவ்வொருத்தரும் நினைச்சோம்."

திங்கட்கிழமைதான் கட்டடத்தைத் திறந்திருக்கிறார்கள். ஐரீன் ஸ்டூலில் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. கண் திறந்திருந்தது.

"கதவு பூட்டலைம்மா," என்றார் பெவர்லி. "அவ ஏன் எழுந்திருக்கலைன்னு இன்னிக்கும் புரியலை."

நான் ஒன்றுதான் கேட்டேன். மணியை எடுத்தபோது ஹாரியட் ஏதாவது சொன்னாரா?

"'மணியை நான் எடுத்துட்டேன், சத்தம் போடாம வாங்க'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு."

என் காதிலும்தான் இருந்தது.

"அவ படத்துல நாற்காலில உக்கார்ந்திருக்கற பொண்ணு யாரு?" என்று அன்னிகா கேட்டாள்.

"பொண்ணா?" என்றார் பெவர்லி. "அதுல பொண்ணு யாரும் இல்லையே. வெறும் நாற்காலிதான்."

அன்றைக்கு நான் அழுத அழுகை ஐரீனுக்காக இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்காகத்தான். சூப், தூரிகை, கலங்கின கண், என் கையைத் தேய்த்துவிட்டது. எதுவுமே எனக்கு இல்லை. அந்த அறை தன் கண்ணெதிரே திரும்பி வருவதை முதல் மாதமே அவர் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூரிகையைக் கீழே வைத்திருப்பேன். சொல்லவில்லை. ஐரீன் எழுந்து வரவேண்டும் என்றால் அவள் இடத்தில் யாராவது உட்கார வேண்டும். திரும்பாமல் உட்காருகிற ஒருத்தி. என் கையைப் பார்த்து அவர் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் முதுகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதுவும் முதல் வருடத்திலேயே.

இதோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

போன அக்டோபரில் அன்னிகா போன் செய்தாள். அவள் இப்போது மியூசியங்களுக்கு ஓவியங்களை ஏற்றிச் செல்கிற வண்டியில் வேலை பார்க்கிறாள். சுப்பீரியர் ஏரிக் கரையில் ஒரு சின்ன ஊரில், சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று மளிகைக் கடைக்குள் போயிருக்கிறாள். அங்கே ஹாரியட். எழுபது தாண்டிய கிழவி. கூடவே கடையின் கூடை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். அன்னிகா அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவர்கள் போனபிறகு கல்லாவில் இருந்தவளிடம், அது அந்த அம்மாளின் பேத்தியா என்று கேட்டிருக்கிறாள்.

"பேத்தி இல்லைங்க. கூட இருக்கற பொண்ணு," என்றாளாம் அவள். "பிரிட்டான்னு பேரு. நான் இங்க வேலைக்குச் சேர்ந்து பன்னெண்டு வருஷமாச்சு. அன்னிக்குப் பார்த்த மாதிரியே இருக்கா. என்ன க்ரீம் போடறான்னுதான் தெரியலை."

பிரிட்டா. என் பெயர்தான் அது.

"முகத்தைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்," என்றாள் அன்னிகா. "கல்லூரில என் பக்கத்துக் கட்டில்ல தூங்கிட்டிருந்த முகம்தான். உன் முகம்."